கண்ணாடியை ஏற்றிய கை

வாசகியின் கடிதம்:

"அக்கா, கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து டர்பன் வந்து எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் அவருடைய வேலை விஷயமாக இருவரும் ஜோஹன்னஸ்பர்க், கேப்டவுன் போய்வந்தோம். ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு ரோபோட்டில் (இங்கே டிராஃபிக் சிக்னலை அப்படித்தான் சொல்கிறார்கள்) கார் நின்றபோது, பதினெட்டு வயது இருக்கும், ஒரு பையன் இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டு என் பக்க ஜன்னலுக்கு வந்தான். தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று பட்டனை அழுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். கொஞ்சம் தப்பியிருந்தால் அவன் விரல் நசுங்கியிருக்கும். என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போய்விட்டான். கேப்டவுனில் லாங் ஸ்ட்ரீட்டில் தனியாக நடந்தேன். கழுத்தில் ஐ.டி. கார்டு போட்ட ஒருவர், நன்றாக உடுத்தியிருந்தார், 'இன்று இங்கே விழா, நடக்க பெர்மிட் வேண்டும், அந்த ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளலாம்' என்றார். கார்டைக் கையில் எடுத்துவிட்டேன். தெருமுனையில் நின்ற ஒரு காவலாளி சத்தம் போட்டதும் அவர் ஓடிவிட்டார். அதற்குப் பிறகு கம்பெனி கார்டனில் ஒரு பாட்டி பிரெட் வாங்கக் காசு கேட்டார். நான் பதில்கூடச் சொல்லாமல் ஏறக்குறைய ஓடிவந்தேன். வாசலில் வந்து கேட்டவரை இல்லை என்று திருப்பி அனுப்பாத வீட்டில் வளர்ந்தவள் நான். பக்கத்து வீட்டில் 'யாரையும் நம்பாதே' என்கிறார்கள். நான் இப்படிப் பயப்படுவது நிறவெறியா? யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது? டிசம்பரில் அம்மா வருகிறார். அவரை எப்படிக் கூட்டிப்போவது?"

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று பேர் வருகிறார்கள். ஏந்திய கையோடு வந்த பையன், ஐ.டி. கார்டு போட்டவர், பிரெட்டுக்குக் காசு கேட்ட பாட்டி. இதில் உங்களுக்குக் கெடுதல் செய்ய வந்தவர் ஒருவர்தான், அவர் பிச்சை கேட்கவில்லை. நன்றாக உடுத்தி, அதிகாரியைப் போலப் பேசினார். அவரிடம் நீங்கள் பயப்படவில்லை, கார்டையே எடுத்துக்கொடுக்கப் போனீர்கள். அவர் செய்ததற்கான தண்டனையை அந்தப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. பயம் எந்த இடத்தில் தவறான ஆளைப் பிடித்துக்கொண்டது என்று தெரிந்தால்தான் அதைச் சரிசெய்ய முடியும்.

அந்த பெர்மிட் மோசடி கேப்டவுனில் பலரும் மாட்டிக்கொண்ட ஒன்று. தென்னாப்பிரிக்காவில் எந்தத் தெருவில் நடப்பதற்கும் பெர்மிட் கிடையாது. உங்களை ஏடிஎம் வரை கூட்டிப்போய், 'இந்தப் பட்டனை அழுத்துங்கள்' என்று உதவுவதுபோல் பக்கத்தில் நின்று ரகசிய எண்ணைப் பார்த்துக்கொள்வார்கள். அதற்குள் கார்டு மாறிவிடும், அல்லது இயந்திரத்துக்குள் சிக்கிக்கொண்டதாகச் சொல்வார்கள். நீங்கள் ஹோட்டலுக்குத் திரும்புவதற்குள் கணக்கு காலியாகியிருக்கும். அறிமுகமில்லாத யாராவது, எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், உங்களை ஏடிஎம் பக்கம் திருப்பினால் அதோடு பேச்சு முடிந்தது. பதில் சொல்லாமல் பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிடுங்கள். பணம் எடுப்பதை மாலுக்குள்ளோ வங்கிக்குள்ளோ பகலில் முடித்துவிடுங்கள். சத்தம் போட்டு உங்களைக் காப்பாற்றிய காவலாளியைப் போன்றவர்கள் கேப்டவுன் நகர மையத்தில் நிறையப் பேர் நிற்கிறார்கள். வழி கேட்பதென்றால் அவர்களிடம் கேளுங்கள்.

இனி அந்தப் பையன். எனக்கு மனசு நின்ற இடம் அதுதான்.

இரண்டு கையையும் சேர்த்து ஏந்துவது இங்கே பிச்சைக்காரர்களின் சைகை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இங்குள்ள ஜூலு இனக் குடும்பங்களில் பெரியவர்களிடமிருந்து எதை வாங்கினாலும் இரண்டு கையால்தான் வாங்குவார்கள். ஒற்றைக் கையை நீட்டினால் அது மரியாதைக் குறைவு. வயதில் மூத்தவரின் கண்ணை நேராகப் பார்ப்பதும் அப்படித்தான். நிமிராத தலையை நம் ஊரில் 'திருட்டு முழி' என்று படிக்கப் பழகியிருக்கிறோம். இங்கே அது பணிவு. உங்களைவிட ஏழெட்டு வயது சின்னவனாக இருக்கக்கூடிய ஒரு பையன், தன் வீட்டில் சொல்லிக்கொடுத்தபடி உங்களிடம் நடந்துகொண்டிருக்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் அதைப் படிக்கத் தெரியாமல் பயந்துபோனீர்கள்.

புது ஊரில் வரும் கலக்கத்தில் பெரும்பகுதி இதுதான். நெல்லையப்பர் கோயில் வாசலில் இருப்பவர்களை உங்களுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். யார் நிஜமாகவே நடக்க முடியாதவர், யார் சாயங்காலம் கடைக்குப் போய்விடுவார், யார் கையைப் பிடித்தாலும் ஒன்றும் செய்யமாட்டார் என்பதை யோசிக்காமலே எடைபோட்டுவிடுவீர்கள். மொழி, நடை, குரல், எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதெல்லாம் சேர்ந்து உங்களுக்கு ஒரு வேலிபோல இருந்தது. ஜோஹன்னஸ்பர்க் ரோபோட்டில் அந்த வேலி இல்லை. தெரிந்த அடையாளம் ஒன்றும் கைக்குக் கிடைக்காதபோது மனம் எல்லோரையும் ஒரே அடியாக ஆபத்து என்று எழுதிவைத்துவிடுகிறது. கொஞ்ச நாள் போனால் படிக்க வந்துவிடும். அதுவரை வெளியே போவதை நிறுத்திவிடாதீர்கள், அப்படி நிறுத்தியவர்கள் இந்த ஊரைப் படிக்கக் கற்றுக்கொள்வதே இல்லை.

நிறவெறியா என்று கேட்டீர்கள். மழுப்பாமல் சொல்கிறேன். பயம் வருவது நிறவெறி அல்ல. அந்தப் பயம் யாரைப் பார்த்து வருகிறது, யாரைப் பார்த்து வரவில்லை என்பதில் அது கலந்திருக்கலாம். நான் தஞ்சாவூரிலிருந்து இங்கே வந்து சமூகப் பணியில் சேர்ந்த புதிதில், மதிய இடைவேளையில் சக ஊழியர் ஒருவரோடு கடற்கரைச் சாலையில் நடப்பேன். அவர் ஜூலு பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு நாள் எதிரே இரண்டு இளைஞர்கள் வந்தபோது என் கைப்பை தானாக இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாறியது. அவர் கோபப்படாமல் கேட்டார்: "என் தம்பி எதிரே வந்தாலும் மாற்றுவாயா?" அன்று என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு மாற்றிக்கொண்ட பழக்கம் இன்றுவரை தொடர்கிறது: வீட்டை விட்டு இறங்கும்போதே பையைக் குறுக்காக மாட்டி, சுவர்ப் பக்கமாக வைத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு எதிரே யார் வந்தாலும் அதைத் தொடமாட்டேன்.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். எச்சரிக்கையை எல்லாம் ஆள் வருவதற்கு முன்பே முடித்துவைத்துவிடுங்கள். ஒரு மனிதர் முன்னால் வந்து நிற்கும் நேரத்தில் நீங்கள் புதிதாகப் பூட்டவோ, ஏற்றவோ, இழுத்துக்கொள்ளவோ எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது. கண்ணாடி கிளம்பும்போதே ஏற்றியிருந்தால் அந்தப் பையனின் முகத்துக்கு நேரே அதை ஏற்ற வேண்டி வந்திருக்காது. அவனைப் பார்த்து நீங்களும் தலையை அசைத்திருக்கலாம். உங்கள் பாதுகாப்பு ஒரு துளியும் குறைந்திருக்காது, அவனுக்கும் அவமானம் நேர்ந்திருக்காது.

பக்கத்து வீட்டார் சொல்வதையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். நம்மவர்கள் இங்கே வந்தது 1860-இல், சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக. அதற்குப் பிறகு நடந்தவற்றில் இந்தியர்கள் தாக்கப்பட்ட 1949 ஜனவரி டர்பன் கலவரம் உண்டு. 2021 ஜூலையில் டர்பன் இருக்கும் குவாசூலு நட்டால் மாகாணத்திலும் ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங்கிலும் கடைகள் சூறையாடப்பட்டு 350-க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த நாட்களும் உண்டு. அப்போது இரவெல்லாம் தெருமுனையில் காவல் நின்ற குடும்பங்கள், டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருக்கின்றன. அதே நாட்களில் ஃபீனிக்ஸில் கொல்லப்பட்ட கறுப்பின மக்களின் குடும்பங்களும் இருக்கின்றன. உங்கள் பக்கத்து வீட்டம்மாவின் பயம் பொய்யில்லை. ஆனால் அது அவருடைய வாழ்க்கையில் விளைந்தது. எட்டு மாதத்துக்கு முன் வந்த நீங்கள் அதை அப்படியே வாங்கிச் சுமந்துகொண்டு திரிய வேண்டாம். தெருவைப் பற்றி அவருக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த ரோபோட்டில் கைவரிசை நடக்கிறது, எத்தனை மணிக்கு மேல் எந்தப் பக்கம் போகக்கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மனிதர்களைப் பற்றிய முடிவை நீங்களே எடுங்கள்.

ரோபோட்டில் நிற்பவர்கள் யார்? எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பார்க்காதீர்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு வந்து உங்கள் காரில் இருக்கும் குப்பையை வாங்கிக்கொண்டு சில்லறை கேட்பவரைப் பார்த்திருப்பீர்கள். பார்வையற்றவரின் கையைப் பிடித்து வண்டிகளுக்கு நடுவே நடத்திவரும் இன்னொருவரைப் பார்த்திருப்பீர்கள், அவர்களில் பலர் ஜிம்பாப்வேயிலிருந்து வந்தவர்கள். வேலை தேடி ஊரிலிருந்து வந்து, கிடைக்காமல், திரும்பிப்போக டாக்ஸிக் காசும் இல்லாமல் தங்கிவிட்டவர்கள் டர்பனில் அதிகம். இந்த நாட்டில் வேலையின்மை பல வருடங்களாக 30 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது. இருபது வயதுப் பிள்ளைகளிடையே அதைவிடவும் மோசம். வேலையில்லாத பெரியவர்களுக்காக 2020-இல் தொடங்கிய அரசு உதவித்தொகை மாதம் 350 ராண்ட், 2024-இல் 370 ஆனது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ராண்ட் வருகிறது, அதில் ஒரு முழு பிரெட் வாங்க முடியாது. இரவு தங்குமிடங்களில் பலவற்றில் படுக்கைக்குக் காசு கட்ட வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குமேல் ஒருவர் அவசரமாகக் கேட்கிறார் என்றால் அது அன்றைய படுக்கைக் காசாகவும் இருக்கலாம்.

போதைக்காகவும் இருக்கலாம். மறைக்க மாட்டேன். ஹெராயின் கலந்த வூங்கா டர்பன் தெருக்களை அரித்துக்கொண்டிருக்கிறது. சாட்ஸ்வர்த்தில் அதன் உறவுக்காரச் சரக்கை 'ஷுகர்ஸ்' என்பார்கள், அதில் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் போயிருக்கிறார்கள். அது கிடைக்காத அன்று கைகால் குடைச்சலும் வயிற்றுப் பிடிப்பும் ஆளைத் தரையில் உருட்டும். 2020 ஊரடங்கில் தெருவில் இருந்தவர்களைக் கூடாரங்களில் தங்கவைத்து, போதைக்கு அடிமையானவர்களுக்கு மெத்தடோன் மருந்து கொடுத்தார்கள். முறையான மருந்தும் சாப்பாடும் கிடைத்தால் தெருவில் இருப்பவர்களும் தேறிவருவார்கள் என்று நான் நம்புவதற்கு அந்த நாட்கள் ஒரு காரணம்.

"பாத்திரமறிந்து பிச்சையிடு" என்று நம்மிடம் ஒரு வழக்கு உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. ரோபோட் பச்சையாவதற்கு முன் இருக்கும் அரை நிமிடத்தில் எந்தப் பாத்திரத்தை அறிய முடியும்? இருபது வருடத்துக்குமேல் இந்த வேலையில் இருக்கும் எனக்கே முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது. இவர் நிஜம், அவர் நடிப்பு என்று தெருவில் நின்று விசாரணை நடத்தாதீர்கள். அந்த விசாரணைதான் ஆளைக் களைப்படைய வைத்து, கடைசியில் எல்லோர்மீதும் எரிச்சலைக் கொண்டுவந்து விடுகிறது. எவ்வளவு கொடுப்பது என்பதைக் காலையில் வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். ஐந்து ராண்ட் நாணயங்கள் நாலைந்து, பர்ஸில் அல்ல, தனியாக ஒரு சட்டைப்பையில். தீர்ந்துவிட்டால் அன்றைக்கு முடிந்தது. முதலில் கேட்டவருக்குக் கொடுத்தீர்கள், ஆறாவதாகக் கேட்டவருக்கு இல்லை, அவ்வளவுதான். யாரையும் ஏமாற்றுக்காரராக்கி அதற்கு நியாயம் தேட வேண்டாம். கொடுப்பதே இல்லை, மாதம் ஒருமுறை மொத்தமாக ஓர் இடத்துக்குக் கொடுக்கிறேன் என்று முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதமே. டர்பனில் இம்மானுவேல் பேராலயத்தை ஒட்டியிருக்கும் டெனிஸ் ஹர்லி சென்டரில் தெருவில் வாழ்பவர்களுக்குச் சாப்பாடும் மருத்துவமும் தருகிறார்கள். ஒரு நாள் போய்ப் பாருங்கள், எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள். கேப்டவுனில் யூ-டர்ன் என்ற அமைப்பு கூப்பன்கள் விற்கிறது. அதை வாங்கி வைத்துக்கொண்டு காசுக்குப் பதில் கொடுக்கலாம். பெறுபவர் அதைக் காட்டி அவர்களுடைய மையத்தில் சாப்பாடும் துணியும் வாங்கிக்கொள்வார்.

சின்னப் பிள்ளைகள் கேட்டால் மட்டும் காசு வேண்டாம். அந்தக் காசு பெரும்பாலும் பிள்ளையின் கையில் தங்குவதில்லை, நல்ல வசூல் ஆகிற பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் மாட்டார்கள். கையில் வாழைப்பழம் இருந்தால் கொடுங்கள். பிள்ளை அடிபட்டோ தனியாகவோ இருப்பதைப் பார்த்தால் சைல்டுலைனுக்கு 116-ஐ அழையுங்கள்.

மறுப்பதற்கும் ஒரு முறை உண்டு, கொடுப்பதைவிட இதில்தான் நாம் தடுமாறுகிறோம். கையில் வைத்துக்கொண்டே 'காசில்லை' என்று பொய் சொல்ல வேண்டாம், அவர்களுக்குத் தெரியும். போனைப் பார்ப்பதுபோல் நடிக்கவும் வேண்டாம். முகத்தைப் பாருங்கள், "சாவுபோனா, பாபா" என்று சொல்லுங்கள். பெண்ணாக இருந்தால் "மாமா", பாட்டியாக இருந்தால் "கோகோ". நம் ஊரில் ஐயா, அம்மா, பாட்டி என்பது போலத்தான். சாவுபோனா என்பது ஜூலு மொழியில் வணக்கம். அதன் நேர்ப்பொருள் 'உங்களைப் பார்க்கிறோம்' என்பது. பிறகு, "சாரி, நாட் டுடே" போதும். விளக்கம் சொல்லி நிற்காதீர்கள், நடையை நிறுத்தாதீர்கள். பெரும்பாலானவர்கள் "ஓகே, ஆன்ட்டி, காட் பிளெஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போய்விடுவார்கள். கேப்டவுனில் கோசா பேசுபவர்கள் அதிகம், அங்கே "மோலோ".

பார்க்கிங்கில் பளிச்சென்ற மேலங்கி போட்டு காரைப் பார்த்துக்கொள்ளும் காவலர்களைப் பிச்சைக்காரர் கணக்கில் சேர்க்காதீர்கள், அது அவர்கள் வேலை. திரும்பி வரும்போது ஐந்தோ பத்தோ கொடுத்துவிடுங்கள்.

இனிப் பாதுகாப்பு. காரில் ஏறியதும் கதவைப் பூட்டி, பையையும் போனையும் டிக்கியில் அல்லது காலடியில் வைத்துவிடுங்கள், மடியில் வேண்டாம். ரோபோட்டில் கண்ணாடியை உடைத்துப் பிடுங்குபவர்கள் தேடுவது வெளியே தெரியும் பொருளைத்தான். முன்னால் நிற்கும் காரின் பின்சக்கரங்கள் தரையைத் தொடுவது தெரியுமளவு இடைவெளி விட்டு நிறுத்தச் சொல்லுங்கள், அப்போதுதான் தேவைப்பட்டால் ஒடித்துத் திரும்ப முடியும். கண்ணாடியைத் திறக்கவே வேண்டாம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. இரவிலும் தெரியாத ஊரிலும் அதுவே சரி. டர்பனில் நீங்கள் தினம் போகும் வழியில், பகலில், மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டால் நாணயத்தைப் போட முடியும். ரோபோட்டில் தினம் நிற்பவரை உங்களுக்கே சீக்கிரம் அடையாளம் தெரிந்துவிடும்.

நடக்கும்போது ஒருவர் தனியாகக் கேட்பது வேறு, மூன்று பேர் சேர்ந்து சூழ்வது வேறு. சூழ்ந்தால் யாருக்கும் கொடுக்க வேண்டாம், பையைத் திறக்கவே வேண்டாம். நேராக ஒரு கடைக்குள் போய் உள்ளே இருப்பவரிடம் சொல்லுங்கள். பின்தொடர்வது, வழியை மறிப்பது, கையைப் பிடிப்பது இதெல்லாம் நடந்தால் மரியாதை பார்க்காமல் சத்தம் போடுங்கள். கத்தியோ துப்பாக்கியோ தெரிந்தால் எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள், கண்ணை நேராகப் பார்க்காதீர்கள், திடீரென்று கையை அசைக்காதீர்கள். போலீஸுக்கு 10111, கைபேசியிலிருந்து 112. இந்த எண்களைத் தாளில் எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள், பறிபோவது முதலில் போன்தான். இருட்டிய பிறகு நடக்க வேண்டாம், ஊபரை வாசலுக்குள் நின்று கூப்பிட்டு, நம்பர் பிளேட்டைச் சரிபார்த்து ஏறுங்கள்.

விரல் நசுங்கியிருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். நசுங்கவில்லை, அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவனைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்க முடியாது. அந்த உறுத்தல் கொஞ்ச நாள் இருக்கட்டும், அதை விரட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் தூக்கம் கெடுவதோ, வெளியே கிளம்பும்போதெல்லாம் நெஞ்சு படபடப்பதோ ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். லாங் ஸ்ட்ரீட்டில் நடந்ததும் சின்ன விஷயமில்லை. கணவரிடம் முழுதும் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லிவிடுங்கள்.

அம்மாவைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அவர் வருவதற்கு முந்தின வாரம் வங்கியில் நூறு ராண்டுக்கு ஐந்து ராண்ட் நாணயமாகக் கேளுங்கள், இருபது வரும். ஒரு நாளைக்கு நாலு என்று எடுத்து முந்தானையில் முடிந்துகொள்ளச் சொல்லுங்கள். தங்கச் சங்கிலியை வீட்டில் கழற்றி வைத்துவிட வேண்டும், அதில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருங்கள். கொடுக்கும்போது அவர் "சாப்பிட்டியாப்பா?" என்று தமிழிலேயே கேட்பார், கேட்கட்டும். நீங்கள் தெருவைப் பார்த்தபடி பக்கத்தில் நில்லுங்கள். கேப்டவுனுக்கும் கூட்டிப்போங்கள். கம்பெனி கார்டனில் அணில்கள் பயமில்லாமல் கைக்கே வரும், அம்மாவுக்குப் பிடிக்கும். காலை பத்து மணிவாக்கில் போங்கள், வழியில் கடையில் ஒரு பிரெட் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டி அங்கே இருந்தால் நீங்களே கொடுங்கள், இரண்டு கையாலும். இல்லையென்றால் அம்மா யாரையாவது பார்த்துக் கொடுத்துவிடுவார்.

அன்புடன்,
அக்கா